எழுத்துருப் பொதிகளின் பெயரிடுமுறை: மொழியும் வரிவடிவமும்

தமிழ் என்னும் பெயர் மொழியையும் அதன் வரிவடிவத்தையும் ஒருங்கே குறிக்கும். இவ்வொற்றுமை எல்லா மொழிகளுக்கும் உரியதன்று. இவ்வேறுபாடு பெயரிடலில் எழுப்பிய சிக்கலுக்கு, 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருள் வழங்கலின் எழுத்துருப் பொதிகள் தக்க சான்றாகும்.

டெபியனில் பொதிப்பெயர் உரோமச் சிற்றெழுத்து, எண், புள்ளி, கூட்டல் குறி, கழித்தல் குறி ஆகியவற்றாலேயே அமைதல் வேண்டும். தொடக்கக் காலத்தில் பெயரின் முன்னொட்டு கோப்பின் வகையைச் சுட்டியது. ட்ரூடைப் வகைக்கு ‘டிடிஎஃப்’ என்பதும் ஓப்பன்டைப் வகைக்கு ‘ஓடிஎஃப்’ என்பதும் வழங்கின. எழுத்துரு அதுவேயாயினும், கோப்பு வகை மாறியபோது பெயர் பொருந்தாதாயிற்று.

முன்னொட்டை அடுத்து வந்த சொல்லிலும் ஒருமை இல்லை. ‘பஞ்சாபி’ என்பது மொழிப்பெயர். ‘தேவநாகரி’ என்பது வரிவடிவப் பெயர். இரண்டும் ஒரே வரிசையில் நின்றன. பஞ்சாபி மொழி இந்தியாவில் பெரும்பாலும் குர்முகியிலும் பாகிஸ்தானில் அரபு-பாரசீக மரபினதாகிய சாமுகியிலும் எழுதப்படுகிறது. பஞ்சாபிப் பொதியில் இருந்தவையோ குர்முகி எழுத்துருக்களே. ஆகவே, அப்பெயர் மொழியின் ஒரு வரிவடிவத்தை மட்டும் மொழிக்கே உரியதாக்கிவிட்டது.

2010களில் இப்பெயர்கள் திருத்தப்பட்டன. கோப்பு வகை நீக்கப்பட்டு, ‘ஃபான்ட்ஸ்’ என்பது பொது முன்னொட்டாயிற்று. இந்திய வரிவடிவங்களுக்கு, 2004இல் வெளியான ஐஎஸ்ஓ 15924 தரத்தின் நான்கெழுத்துக் குறிகள் பயன்படுத்தப்பட்டன. பஞ்சாபி ‘குரு’ ஆயிற்று. தேவநாகரி ‘தேவ’ ஆயிற்று. இந்தி, மராத்தி, நேபாளி ஆகிய மூன்றிற்கும் ஒரே பொதி உரியது என்பது பெயரளவிலேயே தெளிவாயிற்று.

குறிகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. 2011இல் அரசியலமைப்பின் 96ஆம் திருத்தம் எட்டாம் அட்டவணையில் ‘ஒரியா’ என்பதை ‘ஒடியா’ என மாற்றியது; ஆயினும், வரிவடிவக் குறி மாறவில்லை.

எனினும், குறிகள் முற்றிலும் நடுநிலையானவை அல்ல. அசாமியரும் தம் எழுத்துருவை வங்காளப் பெயரின் சுருக்கமாகிய ‘பெங்’ என்பதன்கீழ்த் தேட வேண்டியுள்ளது. தரம் அறியாதார்க்கு ‘குரு’ என்பது ஆசிரியனையே நினைவூட்டும். எனவே, பொதியின் விளக்கவுரையில் மொழிப்பெயர்கள் இடம்பெறுதல் இன்றியமையாதது. அவ்வுரையை மொழிபெயர்ப்போர் மொழியையும் வரிவடிவத்தையும் வெவ்வேறு சொற்களால் சுட்டுதல் வேண்டும். தமிழ் வரிவடிவில் சௌராட்டிர மொழியும் எழுதப்படுவதால், தமிழுக்கும் இவ்வேறுபாடு புறம்பானதன்று.