முதல் பணமும் மேல்பணமும்: வட்டிக்கடை முதல் பேங்க் நெகாரா வரை மூலதனக் கண்காணிப்பு

நகரத்தார் வட்டிக்கடையை வெறும் கந்துவட்டிக் கடையாகக் கருதிய பழைய பார்வையை உடைத்தவர்களுள் டேவிட் ருட்னர் முக்கியமானவர். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் சாதி அமைப்பும் மூலதன அமைப்பும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடந்தன என்று காட்டும் அவரது நூல் 1994இல் வெளிவந்தது. கடைகள் தனித்தனியாக இயங்கவில்லை, அடத்திக் கடைகள் வழியே ஒன்றுக்கொன்று வைப்பும் கடனும் கொடுத்து வாங்கின, கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தன, ஆகவே இது ஒரு முழுமையான வங்கி அமைப்பு என்பது அவர் வாசிப்பின் சாரம். இதில் பெரும்பகுதியை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அந்த வாசிப்பு இன்னொரு முடிவுக்கும் வழிவிடுகிறது. சமூகக் கட்டுப்பாடு இருந்ததால் வங்கிக் கண்காணிப்பும் இருந்தது, பிற்காலத்தில் மத்திய வங்கிகள் சட்டத்தால் செய்ததைக் கோயில் கூட்டம் வழக்கத்தால் செய்துவிட்டது என்பதே அம்முடிவு. மலாயாவை, குறிப்பாக ஜொகூரை, முன்னிறுத்திப் பார்த்தால் அது நிற்காது. கோயில் கூட்டம் வைப்பாளரின் வட்டியைப் பார்த்தது. அரசின் சட்டம் கடன்பட்டவரின் நிலத்தைப் பார்த்தது. நட்டத்தைத் தாங்கக் கடையில் எவ்வளவு சொந்த முதல் இருக்கிறது என்ற கேள்வியை நெடுங்காலம் இரண்டுமே கேட்கவில்லை.

ருட்னரின் வாசிப்புக்கு வலுவான ஆதாரம் அடத்தி முறைதான். பெரிய கடை சிறிய கடைகளின் உபரிப் பணத்தை வாங்கி வைக்கிறது. முடை வரும்போது அவற்றுக்குக் கொடுக்கிறது. உண்டியல் எனும் பணமாற்றுச் சீட்டுகளுக்குத் தீர்வகமாகவும் இருக்கிறது. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி வட்டி முடிவு செய்த வழக்கத்தை 1930இல் அறிக்கை தந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவும் பதிவு செய்தது. ஆனால் இவை யாவும் கைமாறும் பணத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடுகள். நாளைக்கு வேண்டிய ரொக்கம் கிடைக்குமா என்பதற்கு இவற்றில் பதில் உண்டு. கொடுத்த கடனில் கால்பங்கு திரும்பாவிட்டால் கடை நிற்குமா என்பதற்கு இல்லை. முதலாவது ரொக்கப் புழக்கம், இரண்டாவது மூலதனப் போதுமை. ருட்னர் முதலாவதை நுட்பமாக விவரிக்கிறார். அந்த விவரிப்பின் வலுவிலேயே இரண்டாவதும் நிறுவப்பட்டதுபோல் வாசகருக்குத் தோன்றிவிடுகிறது.

இங்கே பேரேட்டின் ஒரு தலைப்பில் சற்று நின்று பார்க்க வேண்டும். நகரத்தார் ஐந்தொகையின் பொறுப்புப் பக்கத்தில் பங்காளிகள் போட்ட முதல் பணம், அவர்களும் உறவினரும் தவணைக்கு விட்ட பணம், அடத்திக் கடைப் பணம், ஆச்சிமார் பணம், கோயில் பணம் என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. இவற்றோடு மேல்பணம் என்றும் ஒன்று உண்டு. பங்காளி தன் முதலுக்கு மேலே கடையில் விட்டு வைத்து, வட்டி பெறும் பணம் அது. இதை மூலதனம் என்பதா, கடன் என்பதா? வட்டி பெறுவதாலும் பங்காளி கேட்டால் எடுக்கலாம் என்பதாலும் அது கடன்போல் இருக்கிறது. பங்காளியின் பொறுப்புக்கு வரம்பில்லை, கடை நொடித்தால் அந்தப் பணமும் வெளியார் கடனுக்கே போகும் என்பதால் அது மூலதனம்போலவும் இருக்கிறது. வங்கிகளுக்கான இன்றைய பாசல் விதிகள் மூலதனத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, எது எப்போது நட்டத்தை ஏற்கும் என்று வரையறுப்பது இதே இக்கட்டைத் தீர்க்கத்தான். நகரத்தார் கணக்கு முறை இவ்விரு பணத்தையும் வேறு வேறு தலைப்பில் எழுதும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் முதல் பணமும் மேல்பணமும் சேர்ந்து கொடுத்த கடனில் இத்தனை பங்காவது இருக்க வேண்டும் என்ற விதியை அந்தக் கணக்கு முறையும் சொல்லவில்லை, கோயில் கூட்டமும் சொல்லவில்லை. அளவுகோல் கையில் இருந்தும் அளக்கும் கடமை யாருக்கும் இல்லை. என் வாதத்தின் மையம் இதுதான்.

வரம்பில்லாப் பொறுப்பே எந்த விகிதத்தையும் விட வலிய காப்பு, பங்காளியின் வீடும் நகையும் நிலமும் ஈடாக நிற்கும்போது தனியே மூலதன விதி எதற்கு என்று இதற்கு எதிர்வாதம் எழும். பர்மாவில் நகரத்தார் பயன்படுத்திய சுமார் 75 கோடி ரூபாயில் பெரும்பகுதி அவர்களது சொந்தப் பணமே என்று மேற்சொன்ன குழு மதிப்பிட்டதும் இதற்கு ஆதரவாகலாம். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆயினும் இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. ஒரு கடையின் உபரி இன்னொரு கடையின் அடத்திப் பணமாகும்போது, ஒரே பணம் இரண்டு ஐந்தொகைகளில் பலமாகத் தெரிகிறது. ஒரு வங்கி இன்னொரு வங்கியின் மூலதனத்தில் வைத்திருப்பதைக் கழித்துவிட்டுக் கணக்கிடச் சொல்லும் இன்றைய விதி இந்த மயக்கத்தைத்தான் தடுக்கிறது. மேலும் பர்மாவில் நெல் நிலம், மலாயாவில் ரப்பர் என்று ஈடுகள் ஒரே பொருளைச் சார்ந்திருந்தன. ஈட்டின் விலை விழும்போது எல்லாக் கடைகளும் ஒன்றாக விழுந்தன. பங்காளியின் சொத்தும் உடன் விழுந்தது. 1932இல் ரப்பர் விலை ராத்தலுக்குப் பத்து சென்டுக்கும் கீழே போனபோது நேர்ந்தது அதுதான். கடைகள் பெரும்பாலும் மூடவில்லையே என்று கேட்கலாம். மூடாமல் இருக்க அவை கொடுத்த விலையைப் பார்க்க வேண்டும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை 1938இல் 25 விழுக்காடானது. இதைச் செல்வம் பெருகியதாக வாசிப்பது தவறு. கடன் உறைந்து நிலமாகிப்போனதன் கணக்கு அது.

ஜொகூருக்கு வந்தால் ஆதாரம் மெலிகிறது. வாதத்தை அதற்கேற்ப நிதானமாகவே வைக்க வேண்டும். மூவாரில் நகரத்தார் கடைகளும் கோயிலும் இருந்தன. சுற்றிலும் சிறு ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. வட்டி விகிதத்துக்கும் பெருந்தொகைக்கும் அவை சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கூடித் தொழில் செய்த கிட்டங்கிகளைச் சார்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம் அந்தச் சார்பை இறுக்கியிருக்கக் கூடும். இந்த ஊகம் சரியென்றால் ஜொகூர்க் கடையின் பலத்தை நிறுத்துப் பார்க்கக்கூடியவர்கள் இன்னொரு ஆட்சி எல்லையில் இருந்தார்கள் என்றாகும். சட்டமோ வேறு திசையில் போனது. கூட்டரசு மலாய் மாநிலங்கள் 1931இல் சிறு நில உடைமைகளைக் கடனுக்காக விற்பதைக் கட்டுப்படுத்தின. அந்தக் கூட்டரசில் சேராத ஜொகூருக்கு அது தானாகச் செல்லாது என்றாலும், அக்காலச் சட்டச் சிந்தனை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அது காட்டுகிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய நாணயத்தில் அடைக்கப்பட்ட கடன்களைப் பொதுவாகச் செல்லும் என ஏற்று, சிலவற்றுக்கு மட்டும் மறுமதிப்பீடு தந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், கடைகளின் முதலில் பெருந்துளை போட்டது. 1951ஆம் ஆண்டு வட்டித் தொழிலர் சட்டம் உரிமம் கேட்டது, கடன்பட்டவர் கையில் எழுத்துப்படி தரச் சொன்னது. முதலைப் பற்றி அதுவும் கேட்கவில்லை. செட்டியார் கடை சட்டத்தின் கண்ணில் வட்டிக்கடையாகவே நின்றது. 1959 ஜனவரியில் மத்திய வங்கியாகப் பேங்க் நெகாரா தொடங்கியபோதும் அதன் பார்வை வங்கிகள் மேலேயே விழுந்தது.

நகரத்தாரின் மூலதனத்தில் ஒரு கிளை அதற்கு முன்பே வங்கியாக மாறியிருந்தது. 1906இல் ஆர்பத்நாட் என்ற ஆங்கிலேய வங்கி நிறுவனம் நொடித்த பின் சென்னையில் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. 1937இல் எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். இரண்டும் மலாயாவிலும் கிளை பரப்பின. 1969இல் இந்திய அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கக் கூடாது என்று மலேசியாவின் 1973ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் சொன்னபோது, யுனைடெட் கமர்ஷியல் வங்கியோடு சேர்ந்து இவற்றின் மலேசியக் கிளைகள் யுனைடெட் ஏஷியன் பேங்க் ஆயின. 1980களின் நடுவில் நட்டம் அந்த வங்கியின் முதலைத் தின்றது. பேங்க் நெகாரா புது மூலதனம் புகுத்த வேண்டியிருந்தது. 1991இல் அது பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்து மறைந்தது. அதே காலத்தில், 1986இல், வைப்பு வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சுமார் 150 கோடி வெள்ளி சிக்கியது. அவை கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் இருந்ததால் வங்கிக் கண்காணிப்புக்கு வெளியே இருந்தன. வட்டிக்கடை என்ற பெயரால் செட்டியார் கடை தப்பியதும், சங்கம் என்ற பெயரால் இவை தப்பியதும் ஒரே வழியில்தான்.

மூலதனக் கண்காணிப்பு எந்த ஆண்டில் பிறந்தது என்பதை ஒற்றைத் தேதியாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. குறைந்தபட்சச் செலுத்திய மூலதனம் என்ற நிபந்தனையைக் கணக்கில் எடுத்தால் அதை முன்னே தள்ளலாம். கொடுத்த கடனின் இடருக்கேற்ப முதல் வேண்டும் என்ற பொருளில் கேட்டால், 1988இன் பாசல் உடன்பாட்டை ஒட்டி 8 விழுக்காடு விகிதம் 1989இல் இங்கே வந்ததையே எல்லையாகக் கொள்வேன். அது கோயில் கூட்டத்தின் வழிவந்த விதி அல்ல. அக்கூட்டம் விட்ட இடைவெளியை ஒரு நெருக்கடிக்குப் பின் நிரப்பிய விதி. ருட்னர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பதை இறுதியாகச் சோதிக்க ஒரு வழி மிச்சம் உள்ளது. ஒரே கடையின் 1929, 1938 ஐந்தொகைகளில் முதல் பணமும் மேல்பணமும் கொடுத்த கடனில் எத்தனை பங்கு என்று கணக்கிட வேண்டும். அதற்கு, மூவார்க் கடைகளின் பழைய பேரேடுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் பழைய காகிதமென்று போடாமல் ஆவணக்காப்பகத்திலோ பல்கலைக்கழகத்திலோ சேர்ப்பிக்க வேண்டும்.