ஒரு தோட்டாவில் பூசிய கொழுப்பு



1857 கிளர்ச்சி என்றதும் பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு என்று ஒரே வரியில் சொல்லி முடித்து விடுகிறோம். நடந்ததைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

அக்காலத் தோட்டா ஒரு காகிதச் சுருள். உள்ளே வெடிமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைத் துவக்கின் குழலுக்குள் கொட்டி, குண்டை இடித்து இறக்க வேண்டும். புதிய என்ஃபீல்ட் துவக்கின் குழலுக்குள் புரி வெட்டியிருந்ததால், குண்டு வழுக்கி இறங்கக் கொழுப்புப் பூசினார்கள். எந்த மிருகத்தின் கொழுப்பு? அதை வாயில் வைப்பவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை.

ஜனவரியில் டம்டமில் முறைப்பாடு எழுந்ததும், கொழுப்பை நீங்களே வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு, கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றார்கள். ஆனால் அதற்குள் சந்தேகம் காகிதத்தின் மீதே விழுந்துவிட்டது.

ஏப்ரல் 24, மீரட். 90 குதிரைப் படையினரில் 85 பேர் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்தே மறுத்தார்கள். அன்று நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்கள்தான்! மே 9 அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10 மீரட் கிளர்ந்தது. மறுநாள் டில்லி.

1856இல் அவத் பறிக்கப்பட்டது போன்ற வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: நம்பிக்கை போன பிறகு உண்மையும் எடுபடாது. ஒருவருடைய மார்க்கத்தைத் தொடும் காரியத்தில் முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.