பழைய டிராக்டரில் முன்புற லோடர்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஹைட்ராலிக் இணைப்பு

முன்புற லோடர் என்பது டிராக்டரின் இருபுறமும் நீண்டு, நுனியில் பக்கெட்டோ முள்வாரியோ தாங்கும் தூக்குக் கருவி. கைகளை உயர்த்த ஒரு ஜோடி சிலிண்டரும், பக்கெட்டைக் கவிழ்த்து நிமிர்த்த ஒன்றோ இரண்டோ சிலிண்டரும் இருக்கும். லோடரோடு விற்கப்படும் இன்றைய டிராக்டரில் இவற்றுக்கான எண்ணெய் வழி தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுகிறது. 1960, 70களின் டிராக்டர்களில் ஹைட்ராலிக் பெரும்பாலும் பின்பக்கத் தூக்குகைகளுக்காக மட்டுமே வைக்கப்பட்டது. அவற்றில் லோடர் பூட்டுகிறவர் எண்ணெய்க்குப் புதுவழி போட வேண்டும். எண்ணெய் எந்தப் பம்பிலிருந்து கிளம்புகிறது, வேலை முடிந்து எந்த வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது என்ற இரண்டும் தெளிவாகிவிட்டால் மிச்சம் ஸ்பேனர் வேலைதான். எண்ணெய் வரும் வழியில் எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள். பட்டறைக்கு வரும் கோளாறுகளில் பல திரும்பும் வழியில் பிறந்தவை.

தோட்டச் சூழல்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத்திலும் உள்ளே பகாவ், ரொம்பின், கெமாஸ் பக்கமும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது டிராக்டரின் வேலையும் மாறியது. ரப்பர் காலத்தில் பால் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் இழுத்த வண்டி, செம்பனைக் காலத்தில் குலை டிரெய்லரையும் உர மூட்டைகளையும் சாலைக்கான கல்லையும் இழுத்தது. லோடருக்கு வேலை கொடுத்ததில் முதலிடம் வெற்றுக் குலைக்கு. ஆலையில் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் இந்தச் சக்கை, பச்சைக் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலை அதே நேரத்தில் ஏறத்தாழ 13 டன் வெற்றுக் குலையை வெளியே தள்ளும். அது மூடாக்காக மரத்தடிக்குத் திரும்ப வேண்டுமென்றால் யாராவது டிரெய்லரில் ஏற்ற வேண்டும். பெரிய குவியலுக்கு எக்ஸ்கவேட்டர் வரும். சிறு குவியல், உரக் கொட்டகை, குண்டும் குழியுமான உள்சாலை ஆகியவற்றுக்குத் தோட்டத்திலேயே கிடக்கும் பழைய மாஸி ஃபெர்குசனோ ஃபோர்டோ போதும்.

பம்பு எங்கே இருக்கிறது

மாஸி ஃபெர்குசன் 35, 135 ஆகியவற்றின் ஹைட்ராலிக், ஹாரி ஃபெர்குசன் 1946-இல் கவென்ட்ரியில் வெளியிட்ட டி.இ.20 வண்டியின் நேர் வாரிசு. சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவில் தயாரித்த டிராக்டர்களிலும் இதே குடும்ப அமைப்பு உண்டு. ஆகவே தமிழ்நாட்டு மெக்கானிக்குக்கும் சிரம்பான் மெக்கானிக்குக்கும் இந்த விஷயத்தில் பேச்சு ஒத்துப்போகும்.

இந்த அமைப்பில் பிஸ்டன் பம்பு பின்பக்கக் கூட்டினுள், எண்ணெயில் மூழ்கியபடி, வெளிக்கருவிகளை ஓட்டும் பி.டி.ஓ. தண்டால் ஓடுகிறது. அதற்கு ஒரு விசித்திரம் உண்டு. கட்டுப்பாட்டு வால்வு பம்பின் வெளிவாயில் இல்லாமல் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. தூக்குகை அசையாமல் நிற்கும்போது உள்வழி மூடியிருப்பதால் பிஸ்டன் ஓடினாலும் எண்ணெய் வராது. எண்ணெய் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நினைத்து லோடர் வால்வை இணைத்தவர், லீவரைத் தள்ளியும் கை எழும்பாததைக் கண்டு பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டுவார். பம்பில் குறையில்லை. சீட்டுக்கு வலப்பக்கத்து லீவரை, தொடர்ந்து எண்ணெய் தள்ளும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்தால் பின்பக்கத் தூக்குகைகளும் மேலே போய் நிற்கும். அந்த வழியைத் தனியாக அடைக்கும் பிரிப்பு வால்வு இருந்தால்தான் லோடர் தன் போக்கில் இயங்கும். டி.இ.20 வண்டியில் பி.டி.ஓ. பூட்டியிருப்பதும் கட்டாயம். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கியர் மாற்ற மிதித்தவுடன் பம்பும் நின்றுவிடும். குவியலுக்குள் பக்கெட்டைச் செலுத்திக்கொண்டே தூக்க வேண்டிய வேலைக்கு இது பெரும் தொல்லை. இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பம்பு ஓடும்.

ஃபோர்டு 3000-இல் கதை வேறு. பம்பு இயந்திரத்தின் இடப்பக்கம் பொருத்தப்பட்டு, இயந்திரம் ஓடும் வரை எண்ணெயைச் சுற்ற வைக்கிறது. கிளட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூக்குகை மூடியின் மேல் உள்ள துணைத் தகட்டில் திருப்பு வால்வு ஒன்றைப் பொருத்தி லோடருக்கு எண்ணெயை எடுக்கலாம். அதே காலத்து ஃபோர்டு 5000-இல் பம்பு மறுபடியும் பின்கூட்டுக்குள் போய்விடுகிறது. ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்பதை நம்பி இணைக்க முடியாது.

கணக்கு

135 போன்ற வண்டியின் உள்பம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 17 லிட்டர் தரும். 60 மி.மீ. உள்விட்டமும் 500 மி.மீ. நீளப் போக்கும் கொண்ட தூக்கு சிலிண்டர் ஒன்று நிரம்ப 1.4 லிட்டர் வேண்டும், இரண்டுக்கு 2.8. பம்பு நல்ல நிலையில் இருந்தாலும் கை முழுதாக எழ 10 விநாடி ஆகும். சாலை செப்பனிட இது போதும். நாள் முழுக்க வெற்றுக் குலை ஏற்றுகிறவருக்கு ஒவ்வொரு தூக்கலிலும் பொறுமை கரையும்.

அதனால் பல இடங்களில் இயந்திரத்தின் முன்னால், கிராங்க் புல்லியிலிருந்து சிறு தண்டு போட்டு, தனிக் கியர் பம்பு வைக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 20 கன சென்டிமீட்டர் தள்ளும் பம்பு 2,000 சுற்றில், கசிவு போக, நிமிடத்துக்கு 36 லிட்டர் தரும். 150 பார் அழுத்தத்தில் அது 9 கிலோவாட், அதாவது 12 குதிரைத்திறன். 45 குதிரைத்திறன் பெர்கின்ஸ் இயந்திரத்தில் கால் பங்குக்கு மேல் லோடரே தின்றுவிடும் என்பதை நினைவில் வைத்துப் பம்பின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிது வாங்கிவிட்டால் வேகம் கிடைக்கும், இயந்திரம் திணறும். என்றாலும் பணம் ஒத்துவந்தால் இதுவே நல்ல வழி: தனித் தொட்டி, தனி எண்ணெய், கிளட்ச் தொல்லை இல்லை. பழைய லோடர் சட்டங்கள் பலவற்றில் நிமிர்ந்து நிற்கும் பெட்டித் தூணே எண்ணெய்த் தொட்டியாகப் பயன்படுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிராக்டர் இயந்திரம் முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். முன்னால் பூட்டும் பம்பின் தண்டோ பின்பக்கம், இயந்திரத்தை நோக்கி இருக்கிறது. பம்பு விற்பவர் சுற்றுத் திசையைத் தண்டின் முனையிலிருந்து பார்த்துச் சொல்வார். அப்படிப் பார்த்தால் வேண்டியது எதிர்த்திசைப் பம்பு. திசை மாறிய பம்பை ஓட்டினால் அழுத்தம் உறிஞ்சும் பக்கத்தில் ஏறி, தண்டின் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும். உறிஞ்சு குழாய் அகலமாகவும் குட்டையாகவும், உள்ளே சுருள்கம்பி வைத்ததாகவும் இருக்க வேண்டும். மெல்லிய குழாய் போட்டால் பம்புக்குள் சல்லிக்கல் உருள்வது போன்ற சத்தம் எழும். அது எண்ணெய்ப் பற்றாக்குறையில் குமிழி வெடிக்கும் சத்தம். சில வாரங்களில் பம்பு தேய்ந்துவிடும்.

வால்வும் மூன்றாவது குழாயும்

லோடருக்கு இரண்டு ஸ்பூல் வால்வு வேண்டும்: ஒன்று தூக்க, ஒன்று கவிழ்க்க. தூக்கும் ஸ்பூலில் மிதப்பு நிலை இருந்தால் பக்கெட் தரையின் மேடுபள்ளத்தைத் தானே தடவிப் போகும். வால்வில் அழுத்தம் நுழையும் வாய், தொட்டிக்குத் திரும்பும் வாய், சிலிண்டர் வாய்கள் ஆகியவற்றோடு, எண்ணெயைக் கடத்தி அடுத்த வால்வுக்கு அனுப்பும் வாயும் சிலவற்றில் உண்டு. ஃபோர்டில் லோடரும் வேண்டும், பின்தூக்கும் வேண்டும் என்றால் இந்தக் கடத்து வாயிலிருந்துதான் மூன்றாவது குழாய் பின்னால் போக வேண்டும். கடத்து வாய்க்குரிய ஸ்லீவைப் போடாமல், தொட்டி வாயையே பின்தூக்குக்கு இணைக்கும் குறுக்குவழி ஆபத்தானது. பின்தூக்கு பாரம் தூக்கும்போது முழு அழுத்தமும் தாழ்ந்த அழுத்தத்துக்கு மட்டும் வார்த்த பகுதியில் ஏறும். ஸ்பூல் முனைச் சீல்கள் முதலில் கசியும், பிறகு வால்வின் உடம்பே பிளக்கும்.

தொட்டிக்குத் திரும்பும் குழாயில் விரைவு கப்ளர் போடுவதும் இதே வகைப் பிழை. கப்ளர் பாதி மட்டும் நுழைந்திருந்தால் உள்ளிருக்கும் குண்டு வழியை அடைத்துவிடும். அழுத்தம் மிஞ்சினால் திறக்க வேண்டிய ரிலீஃப் வால்வும் அதே திரும்பு வழியில்தான் எண்ணெயைக் கொட்டும். வழியே இல்லாதபோது எது பலவீனமோ அது வெடிக்கும். கழற்றிப் பூட்ட வசதி வேண்டுமென்றால் சிலிண்டர் குழாய்களில் மட்டும் கப்ளர் வைத்து, திரும்பு வழியை நட்டு வைத்து நிரந்தரமாக இறுக்குவதே பாதுகாப்பு.

இணைப்புத் திருகுகள் தனித் தலைவலி. பிரிட்டிஷ் வண்டியில் பி.எஸ்.பி., அமெரிக்க உறுப்பில் என்.பி.டி., வேறு சில வண்டிகளில் மெட்ரிக் என்று ஒரே பட்டறையில் மூன்று வம்சம் இருக்கும். அரை அங்குலத்தில் பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரி. கோணம் மட்டும் 55, 60 டிகிரி. ஆகவே ஒன்று மற்றதில் சில சுற்று ஏறும், இறுகுவது போலவும் இருக்கும், சூடானதும் கசியும். நேர்த்திருகில் வெள்ளை டேப் சுற்றுவது தீர்வல்ல. அதற்கு ரப்பர் உதடு ஒட்டிய வாஷர் இருக்கிறது. கிழிந்த டேப்புத் துணுக்கு எண்ணெயோடு போய் ரிலீஃப் வால்வின் இருக்கையில் ஒட்டிக்கொண்டால் லோடருக்கு அழுத்தமே நிற்காது.

எண்ணெய்

உள்பம்பு வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பல நேரம் ஒரே எண்ணெய். லோடர் சிலிண்டரின் துருவும் மண்ணும் திரும்பிப் போய்ச் சேரும் இடம் கியர்ப் பெட்டி. திரும்பு வழியில் ஃபில்டர் வைக்கச் சொல்வது அதனால்தான். பால் கலந்தாற்போல வெளுத்த எண்ணெய் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த ஜெலுபுவில்கூட வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் லீவர் உறை கிழிந்தால் இது நடக்கும். மற்ற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஓட்டத்தில் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் முழுதாக நீட்டி மடக்க வேண்டும்; கை துள்ளாமல் எழும்வரை காற்று வெளியேறவில்லை என்று பொருள். எண்ணெய் அளவைச் சிலிண்டர்கள் மடங்கிய நிலையில் பார்க்க வேண்டும். நீட்டிய நிலையில் நிரப்பினால் மடங்கும்போது மூச்சுத் துளை வழியே வழியும்.

ஆபத்தும் சட்டமும்

குழாயில் ஊசித்துளை விழுந்தால் அங்கே பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைத் தேட அட்டைத் துண்டு பிடிக்க வேண்டும், கையை அல்ல. காயம் முதலில் எறும்பு கடித்த புள்ளியாக மட்டும் தெரியும், வலியும் குறைவு. ஆனாலும் அது அவசர அறுவைச் சிகிச்சைக்குரியது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ குவாலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோய், அழுத்த எண்ணெய் ஏறியது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். குழாய் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, லீவர்களை இருபுறமும் அசைத்து மிச்ச அழுத்தத்தை விட வேண்டும். தூக்கி நிற்கும் கையின் கீழே யாரும் குனியக் கூடாது.

லோடர் பூட்டிய பழைய டிராக்டரின் முன் அச்சு இதற்கென்று செய்யப்பட்டதல்ல. பின்னால் எதிர்ப்பாரம் இல்லாமல் நிறைந்த பக்கெட்டை உயர்த்திக்கொண்டு மலைச்சரிவுப் பாதையில் திரும்பினால் வண்டி கவிழும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் கிடையாது. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முழு வீச்சில் வந்திருக்கிறது. பாதுகாப்பான இயந்திரம் கொடுப்பது அச்சட்டப்படி முதலாளியின் கடமை. தோட்டப் பட்டறையில் சொந்தமாக வெல்டிங் செய்து பூட்டிய லோடருக்கும் இது பொருந்தும்.

வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றும் வழக்கத்துக்கும் சட்டம் இடம் தரவில்லை. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் கழிந்த மசகு எண்ணெய்க்கு எண் 305, கழிந்த ஹைட்ராலிக் எண்ணெய்க்கு 306, எண்ணெய் படிந்த துணிக்கு 410. இவற்றைச் சீட்டு ஒட்டிய பீப்பாயில் வைத்து, 180 நாளுக்குள், சேர்ந்தது 20 டன்னைத் தாண்டுமுன், உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.