தாமிரபரணிப் பகுதியின் ஒருநாள் உலாத் தலங்கள்

திருநெல்வேலியைச் சுற்றி, காலையில் குடும்பத்தோடு கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும் தொலைவில் உள்ள அருவிகள், படித்துறைகள், அணைகள், கோயில்கள், காட்சியகங்கள். இவற்றில் பெரும்பாலானவை குளிக்கும் இடங்கள். நெல்லைக்காரர்களுக்கு வெளியே போவது என்றாலே குளிக்கப் போவதுதான். பார்த்துவிட்டு வர மட்டும் உள்ள இடங்கள் இங்கே இரண்டாம் பட்சம். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 125 கி.மீ. தான். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் அதன் மலைப்பகுதிக்குக் கிடைப்பதால் குளியலுக்கும் ஒரு பஞ்சாங்கம் அமைந்துவிட்டது. ஆனி, ஆடியில் குற்றாலம். ஐப்பசிக்கு மேல் மணிமுத்தாறு. மற்ற நாளெல்லாம் பாபநாசம்.

இந்த உலாக்களின் தொடக்கம் தீர்த்தமாடலில் இருக்கிறது. தைப்பூசத்தன்று நெல்லையப்பர் தீர்த்தவாரிக்கு ஆற்றங்கரை மண்டபத்துக்கு எழுந்தருள, ஊரும் கூடவே போனது. பாபநாசத்தில் சித்திரை விசுவுக்கும் ஆடி அமாவாசைக்கும் கூட்டம் கூடும். சிவன் பார்வதி திருமணக் காட்சியை அகத்தியர் கண்ட இடம் இது என்பது தல வரலாறு. இன்னும் மேலே, காரையாற்றங்கரைக் காட்டில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிற குடும்பங்கள் அரிசி, பாத்திரம், கிடா எல்லாவற்றையும் வண்டியிலேற்றிக்கொண்டு போய், குடில் போட்டு, நாள் கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டன. நேர்ச்சையும் உல்லாசமும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. அந்தத் திருவிழாவில் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் காட்சி தரும் வழக்கம் ஜமீன் ஒழிந்த பிறகும் நீடித்தது. கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020 இல் மறைந்தார்.

வழி திறந்தது 19ஆம் நூற்றாண்டில். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே அதுவரை படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்த பாலம் 1843 இல் திறக்கப்பட்டது. 1902–03 இல் ரயில் கல்லிடைக்குறிச்சி, தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போனது. 1923 இல் திருச்செந்தூருக்கும் போனது. கூண்டு வண்டியில் இரண்டு நாள் பிடித்த பயணங்கள் ஒருநாளுக்குள் அடங்கின. கட்டுச்சோறு மட்டும் மாறவில்லை. புளிச்சோறும் துவையலும் ரயிலிலும் ஏறின.

உலாத் தலங்களில் தலையாயது குற்றாலம். பேச்சு வழக்கில் குத்தாலம். திருநெல்வேலியிலிருந்து சுமார் 60 கி.மீ. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்துவிட்டாலும், அருவி நீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் கலக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையிலிருந்து அதை விடுவது முறையாகாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. சமவெளி காய்ந்து கிடக்கையில் மலையடிவாரத்தில் மட்டும் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். அந்தத் தூறல்தான் சாரல். சாரல் விழும் காலம்தான் சீசன். அருவியில் தண்ணீர் மட்டும் இருந்து சாரல் இல்லையென்றால் உள்ளூர்க்காரர்கள் அதைச் சீசன் என்று ஒப்ப மாட்டார்கள்.

பேரருவியில் மக்கள் கூட்டமாக நிற்க முடிவதற்குக் காரணம் பொங்குமாங்கடல். உயரத்திலிருந்து விழும் நீர் நேரே தலையில் இறங்காமல், பாறையிடையே உள்ள ஆழமான குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து கீழே வருகிறது. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகக் கூட்டம் உண்டு. சிறு பிள்ளைகளைக் கூட்டிவருவோர் புலியருவிக்குப் போவார்கள். மலைமேல் இருக்கும் செண்பகாதேவியும் தேனருவியும் நடந்து ஏறுவோருக்கு உரியவையாக இருந்தன.

18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியால் மலை தமிழுலகம் முழுக்கத் தெரிந்தது. கிழக்கிந்தியக் கும்பினியார் இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டனர். பாளையங்கோட்டை வெள்ளையதிகாரிகள் கோடையைத் தள்ள இங்கே வந்து தங்கினர். ஆனால் குற்றாலத்துக்குப் போவதை ஒரு ரசனையாக்கியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் தம் வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சந்திப்பை நடத்திய அவர், பிறகு குற்றாலத்திலேயே குடியேறி 1954 இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் விருந்தாளிகள். காலையில் அருவி, பிறகு இட்லி, பிறகு கம்பன் என்ற அந்த நாள்முறையில் கம்பனுக்குப் பதில் இன்று செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டா வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அருவிக் குளியலுக்குப் பின் எழும் பசிக்குக் காப்பியம் போதாது. குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்களைப் பாராமல் திரும்புவோரே அதிகம் என்பதுதான் குறை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. இன்னொன்றான தாமிர சபை நெல்லையப்பர் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

பாபநாசத்தின் கதை வேறு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் அருவியின் விசையை நம்பி அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தனர். 1940களில் மேலணையும் மின் நிலையமும் வந்தன. மின்சாரத்துக்குத் திறந்துவிடும் நீரால் அகத்தியர் அருவி கோடையிலும் விழுகிறது. சீசன் தவறியவர்களுக்கு அதுவே கதி. ஆனால் அதன் அருகிலுள்ள கல்யாண தீர்த்தம் ஆபத்தான இடம். சேரன்மகாதேவி குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் பிள்ளைகளோடு இங்கே வந்தபோது, மகள் சுபத்திரை நீரில் விழ, காப்பாற்றக் குதித்த அவரும் மூழ்கினார். அணைக்கு அப்பால் படகில் போய்ப் பார்க்கும் பாணதீர்த்தம், 1992 இல் வந்த ‘ரோஜா’ படத்துக்குப் பின் வெளியூர்க்காரர்களையும் இழுத்தது. பின்னாளில் வனத்துறை படகை நிறுத்திவிட்டது.

மணிமுத்தாறு அணை 1950களில், காமராசர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. அணையைப் பார்த்துவிட்டு அருவிக்கு ஏறி, அங்கிருந்து மாஞ்சோலைக்குப் போவது ஒரு முழுநாள் வேலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929 இல் பம்பாய் பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலையும் குளிரும் நீண்டன. 1999 ஜூலை 23 அன்று அத்தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். 2024 இல் நிறுவனம் வேலையை நிறுத்திக்கொள்ள, தொழிலாளர் குடும்பங்கள் மலையிறங்கத் தொடங்கின.

1962 இல் முண்டந்துறையும் 1976 இல் களக்காடும் சரணாலயங்களாயின. இரண்டும் சேர்ந்து 1988 இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. அன்று முதல் மேல்தலங்களுக்குச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக முடியும். குடில் போட்டுத் தங்கும் நாட்கள் குறைக்கப்பட்டன. நெகிழிப் பைகளையும், பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகளையும் பார்த்தவர்கள் இந்தக் கெடுபிடியை எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள்.

குளியல் இல்லாத இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்கள் திருச்செந்தூர் சாலையில் 13 கி.மீ. தொலைவில் உள்ளன. திருச்செந்தூர் முருகனைப் பார்த்துவிட்டுக் கடலில் குளித்துத் திரும்புவோர் வழியில் இறங்குவார்கள். கூந்தன்குளத்தில் வெளிநாட்டுப் பறவைகளை ஊராரே காத்து வருகின்றனர். 1994 இல் சரணாலயமான அது 2022 இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிகளையே கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும்படி 2023 இல் ஏற்பாடு செய்தார்கள்.

இத்தனை தூரம் குளிக்கப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல்லை நகரப் படித்துறைகளான குறுக்குத்துறையிலும் சிந்துபூந்துறையிலும் வீட்டு வாசலிலேயே கிடைத்த ஆறு, நகரச் சாக்கடை கலந்து கெட்டுவிட்டது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்வையிடும் நிலை வந்தது. ஊரில் குளிக்க முடியாதவர்கள் எல்லாரும் மேலே ஏற, அங்கே நெருக்கடி. குற்றாலத்தில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அதே நீதிமன்றம் 2014 இல் தடை போட்டது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அதன் பிறகு தண்ணீர் சற்றுக் கூடினாலும் காவலர்கள் ஆட்களை வெளியேற்றிவிடுகிறார்கள். வேன் பிடிக்கும் முன் இன்று எந்த அருவியில் தடை என்று விசாரித்துக்கொள்வது சீசன் வழக்கத்தில் ஒன்றாகிவிட்டது.