ஆராய்ச்சி மணி முதல் லோகாயுக்தா வரை

முறை கேட்டு வருவோர் அசைப்பதற்கென அரண்மனை வாயிலில் மணி கட்டிய சோழனின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. கன்றை இழந்த பசு மணியை அசைக்க, தன் மகனையே தேர்க்காலில் இட்டு முறை செய்தான் மனுநீதிச் சோழன் என்பர். மன்னனின் உறுதியை வியந்து பேசும் நாம், அக்கதையில் அடங்கிய மற்றொரு செய்தியைப் பெரும்பாலும் கருதிப் பார்ப்பதில்லை. தவறு செய்தவன் அயலான் அல்லன், அரண்மனைக்குள்ளேயே வாழ்ந்தவன். ஆள்வோர் தரப்பில் நேர்ந்த தீங்கை எளியோர் அஞ்சாமல் எடுத்துரைக்க ஒரு வழி வேண்டும் என்பதே ஆராய்ச்சி மணியின் உட்பொருள். இன்று கருநாடக மாநிலத்தில் அந்த மணியின் இடத்தில் நிற்பது லோகாயுக்தா என்னும் அமைப்பு. அதன் வரலாற்றைக் குண்டலுபேட்டை போன்ற எல்லையூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

மணியின் பெருமை ஒருபுறம் இருக்க, அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். மன்னன் நல்லவனாக இருந்தால் மணி ஒலிக்கும். அல்லாதவனாயின் கயிறு இருந்தும் பயனில்லை. ஒருவரது நற்குணத்தை நம்பி நிற்கும் நீதி அவரோடு மறைந்துவிடும். இதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே சான்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது. அவருடைய உறவினரும் வரலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்னும் கோட்பாடு, மன்னனின் மனப்போக்கை நம்பாமல், கல்லில் வெட்டிய விதியாக நின்றது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே!

இனி, நாம் வாழும் மைசூர் மண்ணுக்கு வருவோம். குண்டலுபேட்டை இன்று சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், 1997ஆம் ஆண்டு வரை மைசூர் மாவட்டத்துத் தாலுகாவாகவே விளங்கியது. பழைய மைசூர் அரசில் குடிகளின் குறை கேட்பதற்கென ஓர் அவையை அமைத்தவர் திவான் ரங்காச்சார்லு ஆவார். செங்கற்பட்டுச் சீமையில் பிறந்து மைசூரின் திவானாக உயர்ந்த அப்பெருமகன், 1881ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மக்கள் பிரதிநிதி சபையைக் கூட்டினார். தாலுகாக்களிலிருந்து வேளாண் குடிகளும் வணிகரும் தசராக் காலத்தில் மைசூருக்குச் சென்று, அரசின் வரவு செலவைத் திவான் வாயிலாகக் கேட்டறிந்து, தத்தம் பகுதியின் குறைகளை எடுத்துரைத்தனர். சட்டம் இயற்றும் அதிகாரம் அச்சபைக்குத் தொடக்கத்தில் இல்லை. ஆயினும், ஆட்சி நடத்துவோர் குடிகளின் முன் நின்று விடை சொல்ல வேண்டும் என்ற வழக்கம் இம்மண்ணில் அன்றே வேரூன்றியது. அதற்கு வித்திட்டவர் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து வாழ்ந்த ஒருவர் என்பது நமக்குப் பெருமையும் பொறுப்பும் தரும் செய்தியாகும்.

ஏறத்தாழ அதே நோக்கில், ஆனால் வேறு வழியில் நடந்தது ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன் நாடு. பன்னிரண்டாம் சார்லசு மன்னர் போரில் தோற்று, துருக்கியரின் ஆட்சிப்பகுதியில் தங்கியிருந்த காலத்தில், தாயகத்தில் அதிகாரிகள் சட்டப்படி நடக்கின்றனரா என்று கண்காணிக்க 1713ஆம் ஆண்டில் ஓர் உயர் அலுவலரை நியமித்தார். அவர் மன்னரின் ஆள். 1809ஆம் ஆண்டின் அரசமைப்போ, நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் ஒரு கண்காணிப்பாளரை ஏற்படுத்தியது. ‘ஆம்புட்ஸ்மன்’ என வழங்கும் பதவி இதுவே. மன்னரின் ஆள் என்ற நிலை மாறி மக்களின் ஆள் என்ற நிலை வந்ததே இதன் சிறப்பு. இருபதாம் நூற்றாண்டில் பின்லாந்து, டென்மார்க், நார்வே, நியூசிலாந்து, பிரிட்டன் எனப் பல நாடுகள் இம்முறையை ஏற்றன.

இந்தியாவில் இச்சிந்தனை வலுப்பெற்றது 1960களில். ஊழல் தடுப்பைப் பற்றி ஆராய 1962இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான கே. சந்தானம். அக்குழுவின் பரிந்துரைப்படி 1964இல் மத்திய விழிப்பு ஆணையம் தோன்றியது. அதன் முதல் ஆணையராக அமர்ந்தவர் மைசூர் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த நிட்டூர் சீனிவாசராவ். ‘லோக்பால்’ என்னும் சொல்லை 1963இல் எல். எம். சிங்வி நாடாளுமன்றத்தில் வழங்கினார். மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966இல், மத்தியில் லோக்பாலும் மாநிலங்களில் லோகாயுக்தாவும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1968இல் கொண்டுவரப்பட்ட லோக்பால் மசோதா நிறைவேறாமல் காலாவதியாயிற்று. அதன்பின் வந்த மசோதாக்கள் பலவும் அவ்வாறே ஆயின. 2013இல்தான் சட்டம் பிறந்தது. 2019இல்தான் முதல் லோக்பால் பதவியேற்றார். அரை நூற்றாண்டுத் தாமதம்!

மாநிலங்கள் அத்துணைக் காலம் காத்திருக்கவில்லை. ஒரிசா 1970இல் சட்டம் இயற்றியது. மகாராட்டிரம் 1972இல் லோகாயுக்தாவை அமர்த்தியது. கருநாடகத்தில் இராமகிருஷ்ண ஹெக்டே முதல்வராக இருந்தபோது 1984ஆம் ஆண்டின் லோகாயுக்தா சட்டம் உருவாகி, 1986 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தது. உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்த ஏ. டி. கோஷல் முதல் லோகாயுக்தாவாகப் பொறுப்பேற்றார். நம் தாய்மாநிலமாகிய தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 2018இல்தான் இயற்றப்பட்டது. பிழைப்புத் தேடி வந்த மண்ணில் நமக்கு முன்னதாகவே கிட்டிய உரிமை இது.

இச்சட்டத்தின் அமைப்பில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, கேட்பவரின் பாதுகாப்பு. லோகாயுக்தாவை முதல்வர் தாமாகவே தேர்ந்து அமர்த்திவிட முடியாது. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி, மேலவைத் தலைவர், சட்டமன்றத் தலைவர், இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்கள் ஆகியோரைக் கலந்த பின்னரே ஆளுநர் நியமிப்பார். (அச்சட்டமன்றத் தலைவர் பதவியில் 1972 முதல் 1978 வரை அமர்ந்திருந்த கே. எஸ். நாகரத்தினம்மா நம் குண்டலுபேட்டைத் தொகுதியின் உறுப்பினர் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.) ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்குள் லோகாயுக்தாவை நீக்க வேண்டுமாயின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். விசாரிக்கப்படுபவரே விசாரிப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது என்பதே இதன் கருத்து.

இரண்டாவது, சட்டம் குறையையும் குற்றச்சாட்டையும் வேறு பிரித்துக் காண்பது. கையூட்டு, தன்னலம், உறவினர்க்குச் சலுகை போன்றவை குற்றச்சாட்டு. முறையற்ற நிர்வாகத்தால் ஒருவர் அடைந்த துன்பம் குறை. மத்திய அரசில் எழுத்தர் பணிபுரியும் நமக்கு இப்பிரிவின் அருமை நன்கு விளங்கும். அலுவலகங்களில் நிகழும் அநீதிகளில் பெரும்பாலானவை ஆரவாரமற்றவை. கோப்பு கட்டவிழ்க்கப்படாமல் கிடக்கும். மனுவுக்கு விடை வராது. இன்று போய் நாளை வா என்ற சொல்லே விடையாக அமையும். யாரும் கை நீட்டவில்லை. ஆயினும் மனுதாரர் நசுங்குகிறார். தாமதம்தான் கையூட்டின் தாய். கோப்பை நகர்த்துவதற்கென்றே பணம் கைமாறும் வழக்கத்தைச் சந்தானம் குழுவும் சுட்டிக்காட்டியிருந்தது. எனவே, தாமதத்தையும் முறையீட்டுக்குரிய பொருளாக ஆக்கிய சட்டம், நோயின் வேரைத் தொட்ட சட்டம் எனலாம்.

செயலில் இவ்வமைப்பு கண்ட உயர்வும் தாழ்வும் நமக்குப் பாடமாகும். 2001 முதல் 2006 வரை லோகாயுக்தாவாக இருந்த நீதியரசர் என். வெங்கடாசலா, மருத்துவமனைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் முன்னறிவிப்பின்றிச் சென்று ஆய்வு நடத்தினார். லோகாயுக்தா என்ற சொல் சிற்றூர்களிலும் பழகிய சொல்லாயிற்று. அவருக்குப் பின் வந்த நீதியரசர் சந்தோஷ் ஹெக்டே, பெல்லாரிப் பகுதியில் நடந்த சட்டவிரோத இரும்புத்தாதுச் சுரங்கத் தொழிலை விசாரித்தார். அரசின் ஒத்துழைப்புப் போதவில்லை என்று 2010 ஜூனில் பதவி விலகல் கடிதம் கொடுத்துப் பின்னர் அதைத் திரும்பப் பெற்றார். 2011 ஜூலை 27 அன்று அவர் அளித்த அறிக்கை அரசுக்கு நேர்ந்த இழப்பை ரூ. 16,085 கோடி என மதிப்பிட்டது. அறிக்கையில் பெயர் இடம்பெற்ற முதல்வர் எடியூரப்பா அம்மாத இறுதியிலேயே பதவி விலகினார். இதன் தொடர்பான ஒரு வழக்கில் 2016இல் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதையும் சொல்லுதல் நேர்மையாகும். லோகாயுக்தாவின் அறிக்கை தீர்ப்பன்று. ஆயினும் மாநிலத்தின் முதல் நாற்காலியில் அமர்ந்தவரும் விடை சொல்லக் கடமைப்பட்டவரே என்பதை அது நாட்டுக்குக் காட்டியது.

தாழ்வும் வந்தது. 2015இல் லோகாயுக்தா அலுவலகத்தைச் சுற்றியே பணப்பறிப்புக் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அப்போதைய லோகாயுக்தா பதவி விலகினார். அடுத்தவர் அமர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இதனிடையே 2016 மார்ச்சில் அரசு, ஊழல் தடுப்புப் படை என ஒன்றை நிறுவி, லோகாயுக்தாவின் காவல் பிரிவு கொண்டிருந்த ஊழல் வழக்கு அதிகாரத்தை அதற்கு மாற்றியது. மணி இருந்தது, நாவை அறுத்துவிட்டனர். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2022 ஆகஸ்ட் 11 அன்று கருநாடக உயர்நீதிமன்றம் அப்படையை அமைத்த ஆணையைத் தள்ளுபடி செய்து, அதிகாரத்தை லோகாயுக்தாவிடமே மீட்டளித்தது. காவலனையும் காக்க ஒரு காவல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. நீதிமன்றமும், செய்தித்தாளும், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும், இவை அனைத்துக்கும் மேலாக விழிப்புள்ள குடிமக்களும் சேர்ந்ததே அக்காவல்.

இவையெல்லாம் தலைநகரத்துச் செய்திகள் அல்லவா, உதகைச் சாலையும் கோழிக்கோட்டுச் சாலையும் பிரியும் இச்சிற்றூரில் காய்கறி வணிகமும் வேளாண்மையும் கூலிவேலையும் செய்யும் நமக்கு இவற்றால் என்ன என்று சிலர் வினவக்கூடும். நமக்கே மிகுதியாக வேண்டும் என்போம். வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் குடியேறியவர் குடும்ப அட்டைக்கும், பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கும், வீட்டுக் காத்தா மாற்றத்துக்கும் தாலுகா கச்சேரியை நாடியே தீர வேண்டும். கன்னடத்தில் எழுதத் தயங்கும் நாம் இடைத்தரகரைத் தேடுகிறோம். அவர் கேட்பதைக் கொடுக்கிறோம். “நாம் வெளியூர்க்காரர், நமக்கேன் வம்பு” என்று சொல்லி ஆறுதலும் அடைகிறோம். ஆனால் சட்டம் அவ்வாறு கூறவில்லை. எவரும் முறையிடலாம் என்பதே அதன் வாசகத்தின் பொருள். தாய்மொழியையோ பிறந்த ஊரையோ அது கேட்பதில்லை.

முறையீட்டுக்குச் சில வரையறைகள் உண்டு. உரிய படிவத்தில், உறுதிமொழிப் பத்திரத்துடன் முறையிட வேண்டும். குறையாயின் அதனை அறிந்த ஆறு மாதத்துக்குள்ளும், குற்றச்சாட்டாயின் செயல் நடந்த ஐந்தாண்டுக்குள்ளும் முறையிடல் வேண்டும். பொய்யென அறிந்தே புகார் கூறுவோர்க்குத் தண்டனையும் உண்டு. எனவே பகையைத் தீர்த்துக்கொள்ளும் கருவியாக இதைக் கொள்ளலாகாது. எம் போன்ற மத்திய அரசு ஊழியர் மாநில லோகாயுக்தாவின் வரம்பில் வாரார். எமக்கு மேல் மத்திய விழிப்பு ஆணையமும் லோக்பாலும் உள்ளன. மேசைக்கு எப்பக்கம் அமர்ந்தவரும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரே.

சோழனின் வாயிலில் கயிறு தொங்கியது. அதை அசைக்கப் பேச வாராத பசு துணிந்தது. படித்த பிள்ளைகளையும் சங்கத்தின் துணையையும் பெற்றுள்ள நாம் தயங்குவது தகுமா? சான்றுகளைச் சேர்த்து வைப்போம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுக் கேட்போம். கன்னடம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் தெரியாத முதியோர்க்கு மனு எழுதித் தரட்டும். கையூட்டுக் கொடாமல் காரியம் முடித்த ஒரு குடும்பம், தன் தெருவில் பத்துக் குடும்பங்களுக்குத் துணிவு தரும். வாழ வந்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனும் அதுவே.