லண்டன் தீயணைப்புப் படையின் வரலாறு

லண்டன் தீயணைப்புப் படை, இங்கிலாந்தின் தலைநகரில் தீ, வெள்ளம், சாலை விபத்து, கட்டட இடிபாடு முதலியவை நேரும்போது உயிர்களையும் உடைமைகளையும் காக்கும் பொது அமைப்பாகும். 1866 ஜனவரி 1 அன்று பெருநகரத் தீயணைப்புப் படை என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1904 முதல் இன்றைய பெயரால் அழைக்கப்படுகிறது. அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் அந்நகரில் தீயை அணைப்பது யார் பொறுப்பு என்பதற்குத் தெளிவான விடை இருக்கவில்லை. செலவை யார் ஏற்றார்களோ அவர்களுக்கு எது முக்கியமோ அதுவே முதலில் காப்பாற்றப்பட்டது.

காப்பீட்டு நிறுவனங்களின் படைகள்

1666 செப்டம்பரில் மூண்ட பெருந்தீ நான்கு நாட்களில் லண்டன் நகரின் பெரும்பகுதியை அழித்தது. அப்போது தோல் வாளிகள், கொக்கிகள், கையால் பீச்சும் சிறு கருவிகள் தவிர வேறொன்றும் இல்லை. 1680-களின் தொடக்கத்தில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்குத் தீக் காப்பீடு வழங்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். வீடு எரிந்தால் பணம் கொடுக்க வேண்டும். எரியாமல் தடுத்தால் பணம் மிச்சம். இந்தக் கணக்கின் அடிப்படையில் காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் சொந்தமாகத் தீயணைப்பு ஆட்களை வைத்துக்கொண்டன. பெரும்பாலும் தேம்ஸ் ஆற்றுப் படகோட்டிகளே இவ்வேலைக்கு வந்தனர்.

காப்பீடு செய்த வீட்டின் முகப்பில் நிறுவனத்தின் உலோகச் சின்னம் பதிக்கப்பட்டது. சின்னம் இல்லாத வீட்டை எரியவிட்டுப் படைகள் வேடிக்கை பார்த்தன என்று பல நூல்களில் ஒரு கதை உண்டு. இதற்கு உறுதியான சான்று இல்லை. அடுத்த வீட்டுக்குப் பரவும் தீயை விட்டுவைப்பதால் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. சட்டப்படி ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் ஒரு பம்பு வைத்திருக்க வேண்டும். முதலில் வந்துசேரும் பம்புக்கு 30 ஷில்லிங், இரண்டாவதற்கு 20, மூன்றாவதற்கு 10 எனப் பரிசும் இருந்தது. ஆனால் இந்தப் பம்புகள் பலவும் தேவாலய மூலைகளில் துருப்பிடித்துக் கிடந்தன.

பிரெய்ட்வுட்டின் எண்பது பேர்

தனித்தனிப் படைகளால் செலவு கூடியதால், பத்து நிறுவனங்கள் சேர்ந்து 1833-இல் ஒரே அமைப்பை உருவாக்கின. அதன் தலைவராக எடின்பரோவிலிருந்து ஜேம்ஸ் பிரெய்ட்வுட் அழைத்துவரப்பட்டார். எடின்பரோ படைக்கு 1824-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது இருபத்து நான்குதான். கட்டடத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். ஓடு வேய்பவர், தச்சர், கொத்தனார் எனக் கட்டடத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவர்களையே அங்கு வேலைக்கு எடுத்தார். இருட்டிலும் கருவிகளைக் கையாள அவர்களைப் பழக்கினார். தெருவில் நின்று சன்னல் வழியாகத் தண்ணீரைப் பீச்சுவதில் பயனில்லை, உள்ளே நுழைந்து தீயின் வேரில் நீர் விழ வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதே நேரம், எந்த வீரரும் தனியாக உள்ளே போகக் கூடாது என்றும் விதித்தார். இந்த இரண்டும் இன்றும் தீயணைப்புப் பயிற்சியில் அடிப்படைப் பாடங்கள்.

லண்டனில் அவருக்குக் கிடைத்தவர்கள் 80 பேர், நிலையங்கள் 13. நகரின் மக்கள்தொகை அப்போது பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. கைப்பம்பை அடிக்க இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வேண்டும். ஆகவே வேடிக்கை பார்க்க வந்தவர்களையே கூலிக்கு அமர்த்தினர். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஷில்லிங், பிறகு மணிக்கு ஆறு பென்ஸ், கூடவே பீர். பீர் வரத் தாமதமானால் பம்படிப்பவர்கள் கைகளை நிறுத்திவிடுவார்களாம்.

1834 அக்டோபர் 16 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. பழைய கணக்கு மரக்குச்சிகளை உலையில் போட்டு எரித்ததால் வந்த வினை அது. அரசுக் கட்டடம் காப்பீடு செய்யப்படவில்லை. எனவே அது பிரெய்ட்வுட்டின் பொறுப்பும் அல்ல. ஆயினும் அவர் 12 பம்புகளுடனும் 64 வீரர்களுடனும் வந்தார். நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி அழிந்தாலும் பழமையான வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. தன் சொந்த வீடே எரிந்த பிறகும் அரசு பொதுப் படை ஒன்றை அமைக்க முன்வரவில்லை என்பது வியப்பானது.

எரியும் வீட்டில் சிக்கிய மனிதரை மீட்பது காப்பீட்டுப் படையின் முதன்மைக் கடமையாக இருக்கவில்லை. அதற்கென நன்கொடையில் இயங்கிய சங்கம் ஒன்று இருந்தது. அது இரவு நேரங்களில் தெருமுனைகளில் சக்கரம் பொருத்திய உயர ஏணிகளைக் காவலாளுடன் நிறுத்திவைத்தது. சுருங்கச் சொன்னால், சரக்குக்கு நிறுவனத்தின் படை, உயிருக்குத் தர்மப் பணம்.

டூலி தெருத் தீ

1861 ஜூன் 22, சனிக்கிழமை. லண்டன் பாலத்தை அடுத்த டூலி தெருவில், ஆற்றங்கரைக் கிட்டங்கி ஒன்றில் தீ பிடித்தது. சணல், பருத்தி, சர்க்கரை, கொழுப்பு, தேயிலை என்று எரியக்கூடிய எல்லாமே அங்கு அடுக்கப்பட்டிருந்தன. கிட்டங்கிகளுக்கு இடையே தீ பரவாமல் தடுக்க இரும்புக் கதவுகள் இருந்தும், அவை மூடப்படாமல் விடப்பட்டிருந்தன. தொடக்கத்தில் தண்ணீரும் போதவில்லை. உருகிய கொழுப்பு ஆற்றில் வழிந்து நீரின் மேலேயே எரிந்தது.

களைத்துப்போன வீரர்களை ஊக்கப்படுத்திக்கொண்டிருந்த பிரெய்ட்வுட்டின் மேல் கிட்டங்கிச் சுவர் ஒன்று சரிந்து விழுந்தது. அந்த இடத்திலேயே அவர் இறந்தார். உடலை மீட்கவே சில நாட்கள் ஆயின. தீ முழுவதும் அடங்க இரண்டு வாரம் பிடித்தது. அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

இழப்பு சுமார் 20 லட்சம் பவுண்டு. நிறுவனங்கள் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தின. வணிகர்கள் கொதித்தனர். மறு ஆண்டே, இனி இந்தப் பொறுப்பைத் தங்களால் சுமக்க இயலாது என்று நிறுவனங்கள் அரசிடம் தெரிவித்தன. 1865-இல் சட்டம் நிறைவேறியது. செலவு மூவருக்குப் பகிரப்பட்டது. வீட்டு வரியில் பவுண்டுக்கு அரை பென்னி. அரசின் பங்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் தாங்கள் காப்பீடு செய்த ஒவ்வொரு பத்து லட்சம் பவுண்டுக்கும் 35 பவுண்டு. இதனால் காப்பீடு செய்யாத ஏழையின் குடிசைக்கும் படை வரக் கடமைப்பட்டது. 1867-இல் உயிர்மீட்பு ஏணிகளும் புதிய படையிடம் வந்துசேர்ந்தன.

கேப்டன் ஷாவின் காலம்

புதிய படையின் முதல் தலைவர் ஏர் மாஸி ஷா அயர்லாந்துக்காரர், பெல்பாஸ்ட்டில் பணியாற்றியவர். கட்டளைக்கு உடனே கீழ்ப்படிவதும், உயரத்தில் ஏறுவதும், இரவு பகல் பாராமல் விழித்திருப்பதும் மாலுமிகளுக்குப் பழக்கம் என்பதால் கப்பலில் வேலை பார்த்தவர்களையே அவர் சேர்த்தார். வீரர்கள் குடும்பத்தோடு நிலையத்திலேயே குடியிருந்தனர். வேலை நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. எப்போது மணி அடித்தாலும் ஓட வேண்டும். இரண்டு பிரிவாகப் பணி செய்யும் முறை 1920-இல்தான் வந்தது. ஷாவின் வீரத்தைப் போற்றுகிறவர்கள் இந்தச் சுமையைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

நீராவியால் இயங்கி, குதிரைகள் இழுத்த பம்புகளும், நிலையங்களை இணைத்த தந்திக் கம்பிகளும் அவர் காலத்தில் பெருகின. பாரிஸ் படையைப் பார்த்து அவர் கொண்டுவந்த பித்தளைத் தலைக்கவசம் அழகாக இருந்தது. மின்சாரம் வந்த பிறகு அதே பித்தளை உயிருக்கு ஆபத்தாக மாறி, 1930-களில் கைவிடப்பட்டது.

999

படை எவ்வளவு விரைவானதாக இருந்தாலும், செய்தி வந்தால்தானே புறப்பட முடியும்? 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தனர். தீயைக் கண்ட அண்டை வீட்டுக்காரர் தொலைபேசி நிலையத்தை அழைத்தபோது, அவரது அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்திருந்தது. அவர் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதம் விசாரணைக்கு வழிவகுத்தது. 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் லண்டனில் அறிமுகமானது. உலகின் முதல் அவசரத் தொலைபேசி எண் இதுவே.

இரண்டாம் உலகப் போரில் வான்குண்டுகளால் நகரம் எரிந்தபோது துணைப் படையினர் வாடகைக் கார்களின் பின்னால் பம்புகளைக் கட்டி இழுத்துச் சென்றனர். 1941-இல் நாடு முழுவதற்கும் ஒரே படை ஆக்கப்பட்டு, 1948-இல் மீண்டும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

இன்றைய நிலை

இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. வீரர்கள் நான்கு பிரிவுகளாக, இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நான்கு நாள் ஓய்வு என்ற சுழற்சியில் பணிபுரிகின்றனர். முதல் வண்டி சராசரியாக ஆறு நிமிடத்திலும் இரண்டாவது எட்டு நிமிடத்திலும் சேர வேண்டும் என்பது இலக்கு.

விரைவு மட்டுமே போதாது என்பதை 2017 ஜூன் 14 காட்டியது. கிரென்பெல் அடுக்குமாடியில் நான்காம் மாடிச் சமையலறை தீப்பிடித்ததாக 12.54-க்கு அழைப்பு வந்தது. ஐந்து, ஆறு நிமிடங்களில் வீரர்கள் வந்துவிட்டனர். ஆனால் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியக்கூடிய பலகைகள் வழியே தீ உச்சிவரை ஏறியது. 67 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு லண்டன் படையிடம் இருந்த மிக நீளமான ஏணி 32 மீட்டர். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை 2.47-க்குத்தான் மாற்றப்பட்டது. 72 பேர் இறந்தனர். விசாரணையில் அந்தத் தாமதம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அதன்பின் புகையில் சிக்கியவர்களுக்கு அணிவிக்கும் முகமூடிகளும் 64 மீட்டர் ஏணி வண்டிகளும் படைக்கு வாங்கப்பட்டன.