“ஒருநாள் வீட்டுப் பக்கம் வாங்களேன்!” – ஒரு சும்மா அழைப்பின் வரலாறு

“ஒருநாள் வீட்டுப் பக்கம் வாங்களேன்”

நாம எல்லாருமே சொல்ற வார்த்தை தான் இது. சொன்னவரும் மறந்துடுவார். கேட்டவரும் மறந்துடுவார்.

ஆனா கேட்டவர் அதை நிஜம்னு நம்பிட்டா?

1961ல் அமெரிக்கத் துணை அதிபர் ஒருவருக்கு அப்படித்தான் ஆச்சு. அந்தக் கதையைத்தான் இந்த இழையில் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னாடி கொஞ்சம் பின்னணி.

அமெரிக்காவில் கோடை வந்தால் வீட்டின் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி, கறியைச் சுட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சாப்பிடுவது பெரிய வழக்கம். பார்பிக்யூ என்று நமக்கும் தெரிந்த பெயர்தான். கரீபியன் தீவுகளின் பூர்வகுடி மக்கள் பயன்படுத்திய மரச் சட்டத்தின் பெயரில் இருந்து வந்த சொல் இது.

ஜார்ஜ் வாஷிங்டன் 1769 மே மாதம் அலெக்சாண்டிரியா ஊருக்கு ஒரு பார்பிக்யூவுக்குப் போய், ராத்திரி அங்கேயே தங்கியதைத் தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவர் அதிபர் இல்லை. அமெரிக்கா என்ற நாடே இல்லை!

தேர்தல் காலங்களில் ஊருக்கே பொது அழைப்பு கொடுத்து பார்பிக்யூ விருந்து வைப்பார்கள். “எல்லாரும் வாங்க” என்பதுதான் அழைப்பு.

எல்லாரும் என்றால் உண்மையிலேயே எல்லாருமா?

இல்லைங்க. தென் மாநிலங்களில் குழி வெட்டி, விடிய விடிய நெருப்புக்கு முன்னால் நின்று கறியைப் பக்குவமாகச் சுட்டவர்களில் பெரும்பாலானோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். சமைத்தது அவர்கள். அழைப்பு மட்டும் அவர்களுக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நகரங்களுக்கு வெளியே வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழும்பின. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. 1952ல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் கடலில் மிதக்கவிடும் மிதவைக்கான இரும்புக் கோளத்தைப் பாதியாக வெட்டி, மூடி போட்ட கரி அடுப்பு ஒன்றைச் செய்தார். ஊர் விருந்து வீட்டு விருந்தாக மாறிய காலம் அது.

ஆனால் அப்படிப்பட்ட குடியிருப்புகளில் மிகப் பிரபலமான நியூயார்க் லெவிட்டவுன், 1947ல் தொடங்கியபோது, வெள்ளையர்களுக்கு மட்டும்தான் வீடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைத்தானே விருந்துக்குக் கூப்பிடுவோம்? பக்கத்து வீட்டில் யார் இருக்கலாம் என்பதை முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க.

இந்த அமெரிக்காவின் துணை அதிபர் தான் நம்ம கதையின் நாயகர் லிண்டன் ஜான்சன். டெக்சஸ் மாகாணத்துக்காரர். ஸ்டோன்வால் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் அவருக்குப் பண்ணை வீடு. அங்கே பார்பிக்யூ விருந்து கொடுப்பதில் பேர் போனவர்.

1961 மே மாதம் அவர் ஆசிய நாடுகளுக்குப் பயணம் வந்தார். போகிற இடமெல்லாம் காரை நிறுத்தி இறங்கி, சாலையோரம் நிற்பவர்களிடம் கை குலுக்குவது அவர் பழக்கம். கூடவே “அமெரிக்காவுக்கு வந்து எங்களைப் பாருங்க” என்று ஒரு வார்த்தை. டெக்சஸ் பக்கம் அது வெறும் விடைபெறும் மரியாதை.

கராச்சியில் அப்படிக் கை குலுக்கியவர்களில் ஒருவர் பஷீர் அகமது. ஒட்டக வண்டி ஓட்டிப் பிழைப்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

அவரிடமும் அதே வார்த்தையைச் சொன்னார் ஜான்சன். சரி என்று தலையாட்டினார் பஷீர். கார் கிளம்பிவிட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆனால் கராச்சிப் பத்திரிகை ஒன்று அதைச் செய்தியாக்கிவிட்டது. அமெரிக்கத் துணை அதிபர் ஒரு ஏழை ஒட்டக வண்டிக்காரரை விருந்தாளியாக அழைத்திருக்கிறார், அவர் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் தங்கப் போகிறார் என்று பாராட்டி எழுதியது.

இப்போ யோசிச்சுப் பாருங்க.

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்று ஜான்சன் நழுவியிருக்கலாம். ஆனால் அவமானம் யாருக்கு? அவருக்கு இல்லை. ஊரே பார்க்க நம்பி நின்ற பஷீருக்கு.

ஜான்சன் நழுவவில்லை.

அந்த வருடம் ஜூலையில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் அமெரிக்கா வந்தபோது, ஜான்சனின் பண்ணையில் அவருக்கு பார்பிக்யூ விருந்து நடந்தது. முறையான அழைப்பு, முறையான ஏற்பாடு.

மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், பஷீர் அகமது நியூயார்க்கில் விமானத்தில் இருந்து இறங்கினார். வரவேற்க விமான நிலையத்தில் நின்றவர் சாட்சாத் துணை அதிபர் ஜான்சன்!

நாட்டின் தலைவர் வந்து போன அதே பண்ணைக்கு, அந்த நாட்டின் ஒட்டக வண்டிக்காரரும் விருந்தாளியாகப் போனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயால் ஒரு நொடியில் சொன்ன அழைப்பில் விட்டுப்போன எல்லாவற்றையும் பின்னால் உட்கார்ந்து நிரப்ப வேண்டியிருந்தது.

எப்போது வரணும்? தேதி குறித்தார்கள்.

எப்படி வருவார், செலவு யாருடையது? மக்களுக்கு இடையே நட்பு வளர்ப்பதற்கென்று இருந்த ஒரு அமைப்பு ஏற்றுக்கொண்டது.

பேச்சு எப்படிப் புரியும்? உருது தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கூடவே இருந்தார்.

நாகரிகம் தெரியாதவர் வந்து திணறப் போகிறார், வேடிக்கை பார்க்கலாம் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. பஷீர் கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாக, கவிதை போலப் பதில் சொன்னார். முன்னாள் அதிபர் ட்ரூமனைச் சந்தித்தார். பத்திரிகைகள் அவர் கண்ணியத்தைப் புகழ்ந்து எழுதின. ஊர் திரும்பியவருக்கு ஒரு ஃபோர்டு வண்டியும் பரிசாகக் கிடைத்தது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கடைசியில் நடந்தது. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் ஜான்சனிடம் இருந்து தந்தி. திரும்பும் வழியில் மக்கா போய்வர ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று செய்தி. பஷீர் கண்ணீர் விட்டார்.

வண்டி யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். ஆனா மக்கா, வந்தவர் யார் என்று யோசித்தவருக்கு மட்டுமே தோன்றும்.

ஒரு மருத்துவனாக இன்னொன்றும் சொல்லிடறேன்.

இத்தனை விருந்து கொடுத்த ஜான்சன் ஒரு இதய நோயாளி. கடுமையாகப் புகைபிடித்தவர். 1955 ஜூலையில், 46 வயதில், பெரிய மாரடைப்பு. பிறகு புகையை நிறுத்தினார். பதவியை விட்டு இறங்கியதும் மீண்டும் தொடங்கினார். 1973 ஜனவரியில் அதே பண்ணை வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 64.

நீங்கள் அழைக்கும் பத்துப் பேரிலும் இப்படி ஒருவர் இருப்பார். இன்சுலின் போடுபவர், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை, உப்பைக் குறைக்கச் சொன்ன பெரியவர். கூப்பிட்டவர் மனசு நோகுமேன்னு வாயைத் திறக்க மாட்டாங்க.

அதனால், வெயில் காலத்தில் வீட்டுத் தோட்டத்திலோ மாடியிலோ அடுப்பு மூட்டி நாலு பேரைக் கூப்பிடுவதாக இருந்தால், வாட்ஸப்பில் ஒரு வரி போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்க:

என்று, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குச் சாப்பாடு. சுகருக்கு மருந்து எடுப்பவர்களுக்கு அந்த நேரம் முக்கியம்.

எங்கே, எப்படி வருவது, பெரியவர்கள் உட்கார நிழல் உண்டா.

என்ன சமைக்கிறோம், சைவத்துக்குத் தனி அடுப்பா.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா. எதுவும் கொண்டு வரணுமா, வெறுங்கையோடு வந்தால் போதுமா.

எது சாப்பிடக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டோம்.

அலங்கார அட்டை வேண்டாம். பெரிய வார்த்தைகள் வேண்டாம். “சும்மா வாங்க” என்று எழுதினால் வருகிறவர் எல்லாவற்றையும் தானே யூகித்துக்கொள்ள வேண்டும். வசதியும் பழக்கமும் உள்ளவர் யூகித்துவிடுவார். புதிதாக வருகிறவர், வசதி குறைந்தவர், உடம்பு முடியாதவர் வராமலே இருந்துவிடுவார்.

கூப்பிட்டும் வராதவர்களில் பலர் இப்படி வர முடியாமல் நின்றவர்கள் தான்.

அடுத்த முறை யாரையாவது “வாங்களேன்” என்று சொன்னால், கூடவே ஒரு தேதியையும் சொல்லிப் பாருங்கள்.

எதிரில் நிற்பவர் முகம் மாறுவது தெரியும்.